இடது காதில் எட்டுப் பெண்கள்

எபநேசர்விளை சபையின் அசனப் பண்டிகைப் பாட்டு ஊருக்குள் வெளியான அன்று காலை பத்து மணிக்கு, பாடகர் குழுவில் இருந்த பதினாறு பேரின் குரல்களும் அவரவர் வாயை விட்டுப் புறப்பட்டு, கிருபாகரன் கம்ப்யூட்டரில் எங்கே உட்கார வைத்தானோ அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டன. எட்டுப் பெண்களின் குரலும் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவருடைய இடது காதில் கேட்டது, ஏழு ஆண்களின் குரலும் வலது காதில் கேட்டது, தனியாகப் பாடிய சபைச் செயலாளர் வேதமாணிக்கத்தின் குரல் மட்டும் இரண்டுக்கும் நட்டநடுவே, நெற்றிக்குச் சற்று உள்ளே கேட்டது. பேசுகிறவர் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அடுத்த தெருவில் நின்று கூப்பிட்டாலும் அதில் மாற்றமில்லை.

ஊர் ஒன்றும் ஆடிப்போய்விடவில்லை. கோவிலுக்குள் நுழைந்தால் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள் என்று தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து பழகிய ஜனம் அது. பெண்களின் குரல் இடது காதில் கேட்கிறது என்றதும், பின்னே வலது காதிலா கேட்கும் என்று சொல்லிவிட்டு, அசனம் என்கிற சபை விருந்துக்குக் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டது. போதகர் மட்டும் அன்று மத்தியானம் வேதாகம அகராதியைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் அகப்படாததால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

இத்தனைக்கும் காரணமான கிருபாகரனுக்குத்தான் நடந்தது எதுவும் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடை மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஒலிப்பதிவுக் கூடம் என்று போர்டு மாட்டி வைத்திருந்தவன் அவன். சுற்றுவட்டாரத்துச் சபைகளின் பாட்டெல்லாம் அவனிடம்தான் வரும், அதற்கு ஒரு காரணமும் உண்டு. கேட்பவனின் இரண்டு காதுக்கும் நடுவே எந்தக் குரலை எங்கே வைப்பது என்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருத்தியைக் கொஞ்சம் இடதுபுறம், அவள் தங்கச்சியை அவளுக்கு அரை அடி தள்ளி, கட்டைக் குரல்காரரை வலது ஓரத்தில் சற்றே உள்ளே வாங்கி என்று, கல்யாண வீட்டுப் பந்தியில் ஆள் பார்த்து இலை போடுகிறவன் மாதிரி பார்த்துப் பார்த்து உட்கார வைப்பான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அப்படிப்பட்டவனுக்கு, பங்குனி மாதம் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, இடது காது அணைந்துபோனது. வலி கிடையாது, இரைச்சல் கிடையாது, விளக்கை அணைத்தது போலத்தான். மைக் வயர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய்க் காட்டினான். நரம்பு போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதான். பிறகு, ஒற்றைக் காதுக்காரனிடம் எந்தச் சபை பாட்டைக் கொடுக்கும் என்று நினைத்துப் பார்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தான். மனைவி சுகிர்தாவிடமும் சொல்லவில்லை. அவளிடம் முதல் நாள் சொல்லியிருக்கலாம், முதல் வாரத்தில் சொல்லியிருக்கலாம், ஆறு மாதம் கழித்துச் சொல்வதென்றால் ஆறு மாதம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு காதை வைத்துக்கொண்டு, கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்கிற இடைப்பட்ட நிலைகளைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அசனப் பாட்டை மிக்ஸிங் செய்யும்போது மூன்றே நிலை என்று வைத்துக்கொண்டான்: முழு இடம், முழு வலம், நட்டநடு. வெளிநாட்டில் பெரிய ஆட்களே அப்படித்தான் துணிந்து செய்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று. கோவிலில் உட்காரும் முறைப்படியே பெண்களை ஒரேயடியாக இடது ஓரத்துக்கும் ஆண்களை வலது ஓரத்துக்கும் தள்ளினான். இடப்பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டு நல்ல காதால் கேட்டான். அந்த எட்டுப் பெண்களில் சுகிர்தாவும் ஒருத்தி.

பாட்டு வெளியான அன்று வழியில் பார்த்தவர்களெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பொம்பளைங்க எல்லாம் இடது காதுல கேக்காவளே வே, என்ன வேலை பாத்திருக்கீரு என்று சொன்னார்கள். அவன் அதைப் பாட்டுக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்து, அடக்கமாகச் சிரித்து, எல்லாம் கர்த்தர் கிருபை என்றான்.

வீட்டுக்கு வந்தால் சுகிர்தா பேசவில்லை. அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தாள், தட்டை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. கிருபாகரனுக்குக் காரணம் உடனே விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தான். பாட்டின் மூன்றாவது சரணத்தைச் சுகிர்தாதான் தனியாகப் பாடுவதாக இருந்தது. செயலாளர் வேதமாணிக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டே மூன்று தடவை மாடிப்படி ஏறி வந்ததில் அது அவருக்குப் போய்விட்டது. அந்தக் கோபம்தான், நாலு நாளில் ஆறிவிடும் என்று இருந்தான். இடையிடையே அவள் உதடு அசைவதைப் பார்த்தான். தன் காதில் விழக்கூடாது என்றே முணுமுணுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, சமாதானமாக இருக்கட்டும் என்று அவள் உதடு அசையும்போதெல்லாம் தலையை ஆட்டினான். அதன் பலனாக ஒரு நாள் அவளுடைய சித்தி வீட்டிலிருந்து ஆறு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து இறங்கினார்கள். நீங்கதான் வரச் சொன்னீங்களாமே என்று சித்தப்பா சொன்னபோது, ஆமாம் ஆமாம் என்றான், எப்போது சொன்னோம் என்று குழம்பியபடியே.

அவன் இப்படித் தலையாட்டிக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளில் ஊர் தன்னை ஒழுங்காக மாற்றி அடுக்கிக்கொண்டது. மூன்றாம் வகுப்பு டீச்சர் எமிமாள் கரும்பலகை முன்னால் நின்று பாடம் நடத்த, பிள்ளைகள் எல்லாம் இடப்பக்கம் ஜன்னலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததால், தலைமையாசிரியர் பெஞ்சுகளை ஒருக்களித்துத் திருப்பிப் போட்டு, டீச்சர் பிள்ளைகளின் இடப்பக்கத்தில் வரும்படி செய்தார். போன் வந்தால் முதலில் பெயரைப் பார்த்து, எட்டுப் பெண்களில் ஒருத்தி என்றால் இடது காதிலும், ஏழு ஆண்களில் ஒருவர் என்றால் வலது காதிலும் வைக்க ஜனம் பழகியது, மாற்றி வைத்தால் ஒன்றும் கேட்காது. பாடகர் குழுப் பெண்களின் வீட்டுக்காரர்கள் சாப்பிடும்போதும் வண்டியில் போகும்போதும் கூப்பிட்டதற்குச் சும்மா சும்மா இடப்பக்கம் திரும்பிக் கழுத்து சுளுக்கி, கடைசியில் மனைவியை இடப்பக்கமே நிறுத்திக்கொண்டால் தொல்லையில்லை என்று கண்டுபிடித்தார்கள். நாய்கள் மட்டும் பழகவில்லை, எமிமாள் டீச்சர் அதட்டினால் அவை இன்னும் வேலியைப் பார்த்தே குரைத்தன.

செயலாளர் வேதமாணிக்கத்தின் கதை வேறு. நடுவில் கேட்கிற குரல் வெளியிலிருந்து வருகிறது என்றே தோன்றாது, தனக்குள் எழுந்த எண்ணம் மாதிரி இருக்கும். அவர் சந்தில் நின்றுகொண்டு, கோவில் வளாகத்தில் புல் மண்டிக் கிடக்கிறது, ஒருத்தனும் எட்டிப் பார்க்கக் காணோம் என்று சலித்துக்கொண்டால், அந்த வழியாகப் போன மூன்று பேர் தங்கள் மனசாட்சியே உறுத்தியதாக நினைத்துக்கொண்டு அரிவாளோடு போய்ப் புல் அறுத்தார்கள். கமிட்டிக் கூட்டத்துக்கு ஆள் சேராத சபையில் இப்போது நாற்காலி போதவில்லை. அவருக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

பதினோராம் நாள் கிருபாகரன் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவருடைய போன் அடித்தது. அவர் வலது காதில் வைத்துவிட்டு, அட, இவளாச்சே, என்று சொல்லி இடது காதுக்கு மாற்றிப் பேசினார். கிருபாகரன் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டான். அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்து, கண் தெரியாதவனுக்கு வழி சொல்வது போல, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அவன் டீயை வைத்துவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய் ஜன்னலில் நின்று எமிமாள் டீச்சரைப் பார்த்தான். டீச்சரின் உதடு அசைந்தது, பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள், டீச்சரின் குரல் மட்டும் அவனுக்கு இல்லை.

சுகிர்தா கோபமாக இல்லை என்று தெரிந்ததில் முதலில் அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. ஊரில் அத்தனை பேருக்கும் கேட்கிற அவள் குரல் தனக்கு மட்டும் கேட்காது; பத்து நாளாக அவள் என்னென்னவோ கேட்டிருக்கிறாள், நாமும் எதற்கெல்லாமோ சரி சொல்லியிருக்கிறோம்.

மாடிக்கு ஓடி கம்ப்யூட்டரைத் திறந்தான். மனைவியின் குரலில் கை வைக்கும் முன் வேறு யாருடையதிலாவது சோதித்துப் பார்ப்போம் என்று, பஸ் கண்டக்டர் பொன்னுத்துரையின் குரலை வலது ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினான். அந்தச் சமயம் பொன்னுத்துரை ஓடுகிற பஸ்ஸில், தேரியில் இறங்குங்க, தேரியில் இறங்குங்க என்று வழக்கம் போலக் கத்திக்கொண்டிருந்தார். அது நெற்றிக்குள் கேட்டதும், திருச்செந்தூருக்கு டிக்கெட் எடுத்திருந்த பதினோரு பேர் தங்களுக்கே இறங்கத் தோன்றியதாக நினைத்து, ஆளில்லாத செம்மணல் மேட்டில், நடுத்தேரியில், மூட்டை முடிச்சோடு இறங்கி நின்றார்கள். ஏன் இறங்கினோம் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலமே கமிட்டி கூடிவிட்டது. பாடுபட்டுப் பழகியதை ஒருவன் இஷ்டத்துக்கு மாற்றினால் ஊர் என்னாவது என்று எல்லோரும் கேட்டார்கள். பொன்னுத்துரையைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லி, வைத்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வாங்கிப்போய், கோவில் ஸ்டீல் அலமாரியில் நற்கருணைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்கள். சாவி வேதமாணிக்கத்தின் இடுப்புக்குப் போனது. நகல் எடுத்து வைக்கும் பழக்கம் கிருபாகரனுக்கு என்றைக்கும் கிடையாது.

மறுநாள் பொன்னுத்துரை மாடிக்கு வந்தார். நடுவில் இருந்த கொஞ்ச நேரமும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கப் போனவர், ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பினார்.

"மதினி திங்கக்கிழமை கோயமுத்தூர் போறாவளாமே. அவிய அக்கா ஸ்கூல்லயே வேலையாம்லா, வருஷம் பூரா அங்கதானாம். நீங்களே சரின்னுட்டியளாமே அண்ணாச்சி?"

கிருபாகரன் வழக்கம் போலத் தலையாட்டப் போய், பாதியில் நிறுத்தினான்.

வீட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பெட்டி வெளியே வந்திருந்தது. சுகிர்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவள் முகத்தில் கோபமில்லை, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவள் மாதிரிதான் இருந்தாள். போகாதே என்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிஷம் போதும், ஆனால் ஏன் அன்றைக்குச் சரி சொன்னீர்கள் என்று அவள் கேட்பாள், அந்தக் கேள்வியும் அவனுக்குக் கேட்காது. எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்து, எனக்கு என்று எழுதி, அதற்கு மேல் எழுத வராமல் மூடி வைத்தான். இரண்டு நாள் அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவில் ஹாலில் கமிட்டிக் கூட்டம் நடந்தது. பாட்டை இனி யாரும் எந்தக் காலத்திலும் தொடக்கூடாது என்று தீர்மானம் வந்தது. போதகர் மறுப்பு உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். கிருபாகரன் எழுந்து நின்றான்.

"எனக்கு இடது காது கேக்காது," என்றான். "ஆறு மாசமாச்சு. இந்தப் பாட்டையே ஒத்தக் காதை வச்சுத்தான் செஞ்சேன். சுகிர்தா பேசுறது பதினஞ்சு நாளா எனக்குக் கேக்கல. நாளைக்கு அவ போறா. அவளை மட்டும் கொஞ்சம் நகத்திக்கிடுதேன், விடுங்க."

பின்வரிசையில் ஒருவர், ஒத்தக் காதை வச்சா செஞ்சீரு, நல்லாத்தானே இருக்கு என்றார். பக்கத்திலிருந்தவர், அதான் பாக்கேன், இவரு மட்டும் கழுத்து சுளுக்காம அலைஞ்சாரே என்றார். அவ்வளவுதான், ஊர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டது. ஆறு மாதம் அவன் நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்த விஷயத்துக்கு ஹாலில் இரண்டு நிமிஷம் கூடப் பிடிக்கவில்லை.

அப்போது எல்லாத் தலைகளும் சட்டென்று இடப்பக்கம் திரும்பின. அங்கே சுவரும் ஒரு காலண்டரும்தான் இருந்தன. டீத்தட்டோடு வலப்பக்க வாசலில் வந்து நின்ற சுகிர்தா பேசத் தொடங்கியிருந்தாள், பழக்கதோஷத்தில் அறுபது பேரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்காத கிருபாகரன் ஒருவன் மட்டும் நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

அவன் பார்வையைக் கவனித்த வேதமாணிக்கம் செயலாளர் என்ற முறையில் எழுந்தார். அவர் குரல் நடுவில் இருப்பதால் அவனுக்கும் கேட்கும்.

"சகோதரி சுகிர்தா தெரிவிப்பதாவது," என்று ஆரம்பித்தார். தம் கணவருக்கு இடது காது கேளாமை பங்குனி மாதமே தமக்குத் தெரியும் என்றும், குக்கர் சத்தத்துக்கு அவர் வேறு பக்கம் திரும்பியதை வைத்துக் கண்டுகொண்டதாகவும், ஃபேன் காற்று சேரவில்லை என்று சாக்குச் சொல்லித் தாம் கட்டிலில் வலப்பக்கம் மாறிப் படுத்ததாகவும் தெரிவிக்கிறார் என்றார். யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். பாட்டு வந்த நாளிலிருந்து தம் குரல் அவருக்குக் கேட்காது என்று அறிந்தே பேசி வந்ததாகவும், அவர் தாமாகவே வாய் திறப்பார் என்று எதிர்பார்த்து, கோயமுத்தூருக்குப் போகட்டுமா என்று வேண்டுமென்றே கேட்டதாகவும், அதற்கும் அவர் தலையாட்டியதாகவும் தெரிவிக்கிறார் என்றார்.

சுகிர்தா இன்னும் ஏதோ சொன்னாள். அதைத் தீர்மானப் புத்தகத்து நடையில் சொல்ல வேதமாணிக்கத்துக்கு வரவில்லை. கடைசியில் அவள் சொன்னபடியே, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆறு மாசமா உங்க வலது பக்கமாவே நடக்கேன். ஏன்னு ஒரு நா கேட்டியளா?"

அது அத்தனை பேரின் நெற்றிக்குள்ளும் கேட்டது. ஆண்கள் தங்களுக்குள்ளேயே எழுந்த கேள்வி போலத் திடுக்கிட்டு, யார் யாரைக் கேட்கிறார்கள் என்று குழம்பி, பெண்கள் பக்கம் தங்கள் தங்கள் வீட்டுக்காரியைத் தேடினார்கள். வேதமாணிக்கமே கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கிருபாகரன் எல்லோருக்கும் முன்னால் அழுதான், அதைப் பற்றி வெட்கப்படவில்லை. தீர்மானத்தில் சுகிர்தா நீங்கலாக என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதி, சாவியைக் கொடுத்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே இருவரும் ஹார்ட் டிஸ்க்கோடு மாடி ஏறினார்கள். அவள் அவனுக்கு வலப்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கோயமுத்தூர் டிக்கெட் அவள் கையில்தான் இருந்தது, அதை மடித்துக் கிழித்து முட்டை அட்டைக் குழியில் போட்டாள். அவன் அவளுடைய குரலுக்கான குமிழைக் காட்டினான். இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது அது. எங்கே வைக்க என்று கேட்டான். அவள் அவன் கையை எடுத்துவிட்டுத் தானே குமிழைப் பிடித்து மெல்லத் திருகினாள், திருகிக்கொண்டே ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது உதட்டில் தெரிந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை. பிறகு, நாலு வீடு தள்ளி யாரோ கதவைத் திறந்தது போல, பதினைந்து நாளாகக் காணாமல் போயிருந்த அந்தக் குரல் அவன் வலது காதுக்கு மெல்லியதாக வந்து சேர்ந்தது.

"கேக்குதா?" என்றாள் சுகிர்தா.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"கேக்குதா?"

"கேக்கல," என்றான் கிருபாகரன், கண்ணைத் திறக்காமலே சிரித்துக்கொண்டு.